கையெழுத்துப் போட்டால் பயிற்சி ஆகிவிடுமா?

அன்புள்ள ஐயா,

அரசுக் கால்நடை மருத்துவராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். காலையில் கையெழுத்து, மாலையில் சான்றிதழ். பாதி வகுப்பு அரசுத் திட்டங்களைப் பற்றி, மீதி ஏதாவது மருந்துக் கம்பெனி நடத்துவது. நான் போகும் நாட்களில் என் மருந்தகத்தைப் பார்க்க ஆளில்லை. திரும்பி வந்தால் மாட்டுக்காரர்களிடம் திட்டு. என்னோடு படித்துத் தனியாகத் தொழில் செய்பவர்கள் ஸ்கேன், அறுவை சிகிச்சை என்று எங்கேயோ போய்விட்டார்கள். நான் தேங்கிவிட்டேனா? இனி எதைப் படிப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

நண்பர்களோடு ஒப்பிட்டுக்கொண்டு கேட்கிறீர்கள். அந்த ஒப்பீட்டை முதலில் விடுங்கள். தினமும் ஸ்கேன் எடுப்பவருக்குக் கை தானாகப் பழகிவிடும். உங்கள் வேலையிலோ, பணிக்காலத்தில் ஒரு முறை வருமோ வராதோ என்கிற நோயை வந்த அன்றே கண்டுபிடித்தாக வேண்டும். பழகவே வாய்ப்பில்லாத ஒன்றுக்குத் தயாராக இருப்பது சாதாரணக் காரியமா?

பிரிட்டனில் 2001 பிப்ரவரியில் எஸெக்ஸ் பகுதி இறைச்சிக்கூடம் ஒன்றில் பன்றிகளுக்குக் கோமாரி, அதாவது வாயிலும் காலிலும் கொப்புளம் போடும் தொற்றுநோய், இருப்பது தெரியவந்தது. அதற்கு முந்தைய பெரிய பரவல் 1967-68இல். இடையில் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த நோயைக் கண்ணால் பார்க்காமலே பணி செய்திருந்தார்கள். போதாததற்கு, செம்மறியாட்டில் கோமாரி சரியாகக் காட்டிக்கொடுக்காது. வேறு காரணத்தால் வரும் வாய்ப்புண்ணும் அதே மாதிரி தெரியும். கண்டுபிடிப்பதற்குள் சந்தைகள் வழியாக ஆடுகள் நாலா பக்கமும் போய்விட்டன. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள்.

ஐரோப்பிய அரசு மருத்துவர்களைக் கோமாரி அன்றாடம் இருக்கும் கென்யாவுக்கே அழைத்துப்போய்ப் பயிற்சி தந்திருக்கிறார்கள். மாட்டின் வாயைத் திறந்து புண்ணின் வயதைச் சொல்ல வேண்டும். உடையாத கொப்புளம் என்றால் ஒன்றிரண்டு நாள். தோல் பிய்ந்து, ஓரம் கூர்மையாக, உள்ளே சிவப்பாக இருந்தால் அதைவிடச் சற்றுப் பழையது. ஓரம் மழுங்கி வெளிறிய படலம் மூடியிருந்தால் நான்கு நாள் ஆகியிருக்கும். ஒரு வாரத்துக்குமேல் தழும்புதான். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். புண்ணின் வயது தெரிந்தால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணி நோய் எப்போது பட்டியில் நுழைந்தது என்று கணக்கிடலாம். அந்த நாட்களில் யார் வந்தார்கள், எந்த வண்டி வந்தது, எந்த மாடு வெளியே போனது என்று விசாரிக்கலாம். ஒரு மாட்டின் நாக்கிலிருந்து ஒரு வட்டாரத்தையே படித்துவிடுகிற இந்தத் திறமைதான் உங்கள் தொழிலின் தனிச்சொத்து. ஸ்கேன் வைத்திருக்கும் நண்பருக்கு இது தேவைப்படாது.

கற்றதை மாற்றிக்கொள்வது இன்னொரு பக்கம். தெற்காசியாவில் மாட்டுக்கு வலி என்றால் டைக்ளோஃபினாக் ஊசி என்று ஒரு காலம் இருந்தது. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. காரணம் அந்த மருந்துதான் என்று 2004இல் நிரூபணமானது. இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. மெலாக்சிகாம் மாற்றாக வந்தது. கல்லூரியை விட்டு வெளியே வந்து வருடக்கணக்கான ஒருவருக்கு இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? சுற்றறிக்கை வரும், கோப்பில் போகும்.

சரி, எதைப் படிப்பது? உங்கள் புறநோயாளிப் பதிவேட்டை எடுத்துப் போன வருடத்தைப் புரட்டுங்கள். "காய்ச்சல், கழிச்சல்" என்று எழுதி ஆன்டிபயாடிக் கொடுத்தவற்றில் எத்தனைக்குக் காரணம் தெரியும்? எத்தனைக்கு மாதிரி எடுத்து அனுப்பினீர்கள், எத்தனைக்கு முடிவு திரும்பி வந்தது? காரணம் தெரியாமல் செத்தவற்றில் எத்தனையை அறுத்துப் பார்த்தீர்கள்? (ஆந்த்ராக்ஸ் சந்தேகம் இருந்தால் கத்தியை எடுக்கவே கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.) விடை இல்லாத இடம்தான் உங்கள் பாடத்திட்டம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பணியில் இருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு நடத்தும் ஐசாவெட் என்ற பயிற்சி ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. சில வாரம் வகுப்பு, அப்புறம் சில மாதம் அவரவர் பணியிடத்திலேயே, வழிகாட்டி ஒருவரின் துணையோடு அங்குள்ள நோய்களை ஆராய்வது.

பயிற்சிக்கு மணிக்கணக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கு வருடம் 35 மணி நேரம் கட்டாயம். ஆனால் 2022 முதல், கற்றது தன் வேலையில் என்ன செய்தது என்பதையும் எழுதிவைக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு வரியை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

மருந்துக் கம்பெனி வகுப்புக்கும் போங்கள். இந்த மருந்து கொடுத்தால் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று எழுந்து கேளுங்கள். சட்டென்று பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

நீங்கள் போகும் நாளில் மருந்தகம் காலியாகக் கிடப்பது உங்கள் குறையே இல்லை. உலகக் கால்நடை நல அமைப்பு ஒரு நாட்டின் கால்நடைத்துறையை மதிப்பிடும்போது, தொடர்கல்வியைத் தனி அம்சமாகவே எடைபோடுகிறது. ஆகவே அடுத்த பயிற்சிக் கடிதம் வரும்போது மாற்று மருத்துவர் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மறுத்தாலும் அந்த மறுப்பு எழுத்தில் வரட்டும்.

அன்புடன்.