ஆங்கில ஸ்கிரிப்ட் ஃபான்ட்கள்: கேள்வி பதில்

அழைப்பிதழ் வடிவமைப்பு என் பிழைப்பு. கையெழுத்துப் போல் வரும் ஆங்கில ஃபான்ட்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கைக்குக் கல்யாணம்: மணமக்கள் பெயரை எட்வர்டியன் ஸ்கிரிப்டில் முழுக்க கேப்பிட்டலில் போட்டோம். வாசிக்கவே முடியவில்லை. ஃபான்ட் கோளாறா?

ஃபான்ட் மேல் குற்றமில்லை. இதன் கேப்பிட்டல்கள் சொல்லின் வாசலில் ஒற்றை ஆளாக நிற்க வரைந்தவை. எட்டுப் பேரும் தலைப்பாகை கட்டி ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் முகம் எங்கே தெரியும்? முதலெழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

மைக்கூடு: ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், மோனோடைப் கோர்சிவா இரண்டும் சாய்வுதானே, என்ன வித்தியாசம்?

நிப்பு! கோர்சிவா பட்டை நிப்பு வழி, இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்துச் சான்சரி கை, அதாவது அரசு அலுவலகக் கையெழுத்து. நிப்பைப் பிடிக்கும் கோணமும் கோடு போகும் திசையும்தான் தடிமனைத் தரும். ஸ்னெல் கூர்நிப்பு வழி. கீழே இழுக்கையில் அழுத்தினால் நிப்பின் இரு கால்கள் விரிந்து கோடு பருக்கும். மேலே ஏறுகையில் மயிரிழைதான். சின்ன 'n' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முதல் காலின் அடியிலிருந்து மயிரிழை கிளம்பி, தோளில் வளைந்து, இறங்கும்போது தடிக்கும்.

1960களில் எழுத்து வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் ஸ்னெலை ஒளி அச்சுக்கோப்புக்காக, அதாவது எழுத்தை ஒளியால் ஃபிலிமில் பதிக்கும் முறைக்காக வரைந்தார். பழைய ஈய அச்செழுத்தில் சாய்ந்த எழுத்தின் நீட்சி கட்டைக்கு வெளியே தொங்கி முறியும். ஃபிலிமில் அந்தப் பயம் இல்லை.

புது டிசைனர்: எழுத்துக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டால் அழகாக இருக்குமா?

விடாதீர்கள். ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் ஓரத்தில் வந்து தொடும்படிதான் வரைந்திருக்கிறார்கள். துளி நகர்த்தினாலும் கோர்வை அறுந்துவிடும்.

பர்னர்: ஸ்னெல் மாதிரி எழுத்தைச் செப்புத்தகட்டு எழுத்து என்கிறார்களே, அப்போது அது உளியின் எழுத்துதானே? பேனாவுக்கு ஏன் பெருமை?

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பல எழுத்தாசான்களின் கையெழுத்தைத் தகட்டில் செதுக்கி வெளியிட்டார். உளி கைநடுக்கத்தையெல்லாம் மழித்துவிடும். ஆனால் தடித்து மெலியும் முறை பேனா கொடுத்தது.

பர்னர்: மழித்ததைத்தானே ஃபான்டாக்கி விற்கிறார்கள்? பிக்கம் ஸ்கிரிப்டே அந்தத் தகடுகளைப் பார்த்து வந்ததுதானே!

ஆமாம், 1990களில் அடோபிக்காக ரிச்சர்ட் லிப்டன் வரைந்தது. சரி, அந்த ஃபான்ட் வரை நீங்கள் ஜெயித்தீர்கள். ஸ்னெலை விட்டுத் தரமாட்டேன்.

மெரூன் அட்டை: மெரூன் தரையில் வெள்ளை எழுத்து, 9 பாயின்ட். மெல்லிய கோடெல்லாம் காணோம்.

சுற்றியுள்ள மை பரவி மயிரிழையைத் தின்றுவிட்டது. நான்கு வண்ணத்தில் அடித்திருந்தால் தகடுகள் இம்மி விலகியதும் சேர்ந்திருக்கும். அளவைக் கூட்டுங்கள், இல்லையென்றால் மைக்குப் பதில் மினுங்கும் தாளை ஒட்டும் ஃபாயில் அச்சு பாருங்கள்.

சிக்கனம்: இலவசமாக ஏதாவது?

கிரேட் வைப்ஸ், பின்யான் ஸ்கிரிப்ட்.

பெயர் வேண்டாம்: முழுக்க கேப்பிட்டலில்...

முதல் பதில்.

தமிழ்ப்பிரியன்: தமிழில் இப்படி வருமா?

தமிழ் எழுத்துகள் கைகோத்து நிற்பவை அல்ல. சாய்த்தால் மட்டும் ஆகாது. தமிழெழுத்து வரைபவரிடம் கேளுங்கள்.

மாப்பிள்ளை வீடு: பெயருக்கு முன் மூன்று இனிஷியல். அதுவும் கேப்பிட்டல்தானே, என்ன செய்ய?

இதுவரை யாரும் கேட்காத கேள்வி! இனிஷியலை மட்டும் சாதாரண நேர் எழுத்தில், பெயரின் சின்ன எழுத்து உயரத்துக்குக் குறைத்து வையுங்கள். அல்லது வீட்டில் பேசி, அட்டையில் பெயர் மட்டும்.