மானெக்‌ஷாவுக்கு ஏன் பரம்வீர் சக்ரா இல்லை?

கேள்வி: பர்மாவில் வயிற்றில் குண்டுகளை வாங்கியவர், 1971-இல் பாகிஸ்தானை 13 நாளில் சரணடைய வைத்தவர் சாம் மானெக்‌ஷா. மார்பு நிறையப் பதக்கம் இருந்தும், போர் வீரத்துக்கான நாட்டின் உச்சப் பதக்கமான பரம்வீர் சக்ரா மட்டும் இல்லை. டெல்லி அரசியல்வாதிகளின் பொறாமைதானே காரணம்?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: டெல்லியில் பொறாமைக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஆனால் இந்தப் பழியை அதன் தலையில் கட்ட முடியாது.

முதலில் தேதியைப் பாருங்கள். அவர் குண்டு வாங்கியது 1942 பிப்ரவரியில். பரம்வீர் சக்ரா பிறந்ததே 1950 ஜனவரி 26-இல். அதையும் 1947 ஆகஸ்ட் 15 வரைதான் முன்தேதியிட்டார்கள். வெள்ளைக்காரன் படையில் இருந்து, வெள்ளைக்காரன் போரில் பட்ட காயத்துக்கு வெள்ளைக்காரன்தான் பதக்கம் தர வேண்டும். தந்தான். அதன் பெயர் மிலிட்டரி கிராஸ்.

வந்த விதம்தான் சுவாரசியம். ரங்கூனை நோக்கி ஜப்பானியர் வந்துகொண்டிருந்தார்கள். குறுக்கே சிட்டாங் ஆறு, அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை ஒட்டிய பகோடா குன்றைப் பிடிக்கும் சண்டையில், 27 வயது மானெக்‌ஷாவை ஒரு இயந்திரத் துப்பாக்கி வயிற்றிலேயே துளைத்தது. பிழைக்க மாட்டார் என்று நினைத்த கோவன் என்ற மேலதிகாரி, தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டார். “செத்தவனுக்கு மிலிட்டரி கிராஸ் கிடையாது” என்றாராம். கேட்க சினிமா வசனம் மாதிரி இருக்கும். ஆனால் அன்றைய விதியே அதுதான். இறந்தவருக்கும் அதைத் தரலாம் என்று மாற்றியது 1979-இல். ஆள் போய்விடுவாரே என்ற அவசரத்தில் குத்திய ரிப்பன், ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் முறைப்படி வந்தது. ஆளும் போகவில்லை. ஷேர் சிங் என்ற அவருடைய சீக்கிய ஆர்டர்லி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்ட ஆஸ்திரேலிய சர்ஜனிடம், “கோவேறு கழுதை உதைத்துவிட்டது” என்று மானெக்‌ஷா சொன்ன கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சரி, 1971-க்கு வருவோம். பரம்வீர் சக்ரா எதிரியின் முன்னால் நின்று காட்டிய வீரத்துக்கு. அப்போது மானெக்‌ஷா ராணுவத் தலைமைத் தளபதி. அவருக்கு வேலை டெல்லியில், வரைபடத்தின் முன்னால். அந்தப் போரில் நான்கு பேர் அதைப் பெற்றார்கள்: ஆல்பர்ட் எக்கா, நிர்மல் ஜித் சிங் செகோன், அருண் கேத்தர்பால், ஹோஷியார் சிங். உயிரோடு வாங்கியவர் ஹோஷியார் சிங் ஒருவர்தான். கேத்தர்பாலுக்கு வயது 21. தீப்பிடித்த டாங்கியை விட்டு இறங்க மாட்டேன் என்று அதிலேயே செத்தவர். அவருக்குத் தந்ததையே திட்டம் போட்டவருக்கும் தந்திருந்தால், அந்தப் பதக்கத்துக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

தளபதிக்குத் தரவேண்டியதைத் தந்தார்கள்: 1972-இல் பத்ம விபூஷண், 1973 ஜனவரியில் ராணுவத்தின் உச்சப் பதவியான பீல்டு மார்ஷல் பட்டம், அதுவும் நாட்டிலேயே முதல் ஆளாக. அப்புறம், பதக்கங்களைத் தலை எண்ணிப் பார்க்காதீர்கள். பர்மா ஸ்டார், 1939-45 ஸ்டார் போன்றவை அந்தக் களத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தவை. அவர் மார்பில் வீரத்துக்கென்று கிடைத்தது ஒன்றுதான். வெள்ளை ரிப்பன், நடுவில் ஊதாப் பட்டை. அடுத்தமுறை போட்டோவில் தேடுங்கள்.

டெல்லியைத் திட்டியே ஆகவேண்டும் என்றால் வேறு இடம் காட்டுகிறேன். பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது. சாகும்வரை முழுச் சம்பளம். மானெக்‌ஷாவுக்கு அது ஒழுங்காக வரவில்லை. நிலுவை ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் சேர்ந்து, செக்காக அவர் கைக்கு வந்தது 2007-இல். அப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. மறுவருடம் ஜூனில் குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்து, ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கமானார். ஜனாதிபதி வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. இணை அமைச்சர் வந்தார்.