சொல்லியே ஆக வேண்டியது எது, சொல்லக் கூடாதது எது? சமூகப்பணியாளர் கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் களத்தில் இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைக் கேள்விகளிலிருந்து நீக்கியிருக்கிறேன்.

கேள்வி (களப்பணியாளர், மன்னார்குடி வட்டம்): அம்மா, 16 வயதுச் சிறுமி ஒருத்தி, யாரிடமும் சொல்வதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகு, நெருங்கிய உறவினர் ஒருவர் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபடுவதாகச் சொன்னாள். தாய்க்கும் தெரியுமாம், குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சுகிறார். எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவித்துவிட்டேன். அதோடு என் கடமை முடிந்ததா?

பதில்: முடியவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவில், 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிராக இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும், யாராக இருந்தாலும், சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. மேலதிகாரியிடம் சொல்வதை அது கணக்கில் கொள்வதில்லை. தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்தவர் தமக்குக் கீழே பணிபுரிபவராக இருக்க, நிறுவனப் பொறுப்பாளர் அதை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர முடியாது. 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைப்பது நல்லது. ஆனால் காவல் துறைக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இங்கே நீங்கள் புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க இடமில்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் உங்கள் அறம் இருக்கிறது. முதலில் அந்தச் சிறுமியிடம் சென்று, கொடுத்த சத்தியத்தைக் காக்க முடியாது என்பதை நீங்களே சொல்லுங்கள். காவலர் வாசலில் வந்து நிற்கும்போது அவள் அதை அறிந்துகொண்டால், அதன் பிறகு எந்தப் பெரியவரையும் நம்ப மாட்டாள். அடுத்து என்ன நடக்கும் என்பதையும் விளக்குங்கள்: அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெறுவார்கள், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி வருவார், அவள் நம்பும் ஒருவர் உடனிருக்கலாம், இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது, மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவரே செய்ய வேண்டும். காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். வழக்கு முழுவதும் அவளுடன் இருக்க ஓர் ஆதரவு நபரை அக்குழு நியமிக்கலாம்.

தாயையும் இச்சட்டம் விலக்கவில்லை. அதைச் சொல்லி அவரை மிரட்டாதீர்கள். விசாரணை முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தச் சிறுமி அவரோடுதான் வாழப்போகிறாள். இனி எந்தக் குழந்தையிடமும், பேச்சைத் தொடங்கும்போதே, எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க முடியாது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (முதுகலை சமூகப்பணி மாணவர், தஞ்சாவூர்): 17 வயதுப் பெண், காதலனால் கருவுற்றிருக்கிறாள். புகார் வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும் என்கிறாள்.

பதில்: 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பதைச் சட்டம் ஏற்பதில்லை, தகவல் தரும் கடமை அப்படியே நிற்கிறது. ஆயினும், 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. இச்சலுகை மருத்துவருக்குத் தரப்பட்டது. நீங்கள் அதை உங்களுக்கு நீட்டித்துக்கொள்ள வேண்டாம். புகாருக்கு அஞ்சி அவள் முறையற்ற இடத்தில் கருவைக் கலைத்துக்கொள்ளாமல் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வதே முதல் தேவை.

கேள்வி (தன்னார்வலர், திருவாரூர் மாவட்டம்): சம்பா அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருக்கும் (எருவுக்காக இரவில் அடைத்து வைத்திருக்கும்) மந்தையில் 12 வயதுச் சிறுவன் ஆடு மேய்க்கிறான். தகப்பனார், மந்தையை நடத்தும் கீதாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். புகார் போனால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

பதில்: 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் ஒழிந்துவிட்டது; அதைத் திருப்பி வாங்குவதே குற்றம். அவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பதற்கும் தனியே தடை இருக்கிறது.

கீதாரியிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். விடிவதற்குள் மந்தை பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும், சிறுவனும் அதோடு போய்விடுவான். கோட்டாட்சியரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் எழுத்தில் கொடுங்கள். மீட்பு முடிந்த அன்றே விடுதலைச் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி நகராது. பல இடங்களில் சிறுவனை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சான்றிதழை மறந்துவிடுகிறார்கள். அதே வறுமை அவனை அடுத்த கோடையில் இன்னொரு கிடைக்கு அனுப்புகிறது.

கேள்வி (களப்பணியாளர், நாகப்பட்டினம்): ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது எனக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியாது. நான் சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இந்த அனுமதியை மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தருகிறது. அவர்களும், துணைக்குக் கணிசமான ஆபத்து இருப்பதாக நம்பி, துணையிடம் தெரிவிக்குமாறு தொற்றுள்ளவருக்கே ஆலோசனை கூறி, அவர் தெரிவிக்க மாட்டார் என்று உறுதிப்பட்டு, தாம் சொல்லப்போவதை அவரிடம் முன்கூட்டித் தெரிவித்த பிறகே சொல்லலாம். அவரை மீண்டும் ஆலோசனை மையத்துக்கு அழைத்துச் செல்வதுதான் உங்கள் வேலை. மனைவி மீதுள்ள அக்கறையில் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. சட்டம் அந்த அக்கறைக்கு வேறு வழியைத்தான் திறந்து வைத்திருக்கிறது.

கேள்வி (முதியோர் நலப் பணியாளர், கும்பகோணம்): 74 வயது மூதாட்டி நஞ்சை முழுவதையும் மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டார். இப்போது ஒரு வேளைச் சோறுதான். புகார் கொடுக்க மறுக்கிறார்.

பதில்: அவர் வளர்ந்தவர், தெளிவாக இருப்பவர், முடிவு அவருடையது. போக்சோ வழக்கில் இருக்கும் அவசரத்தை இங்கே கொண்டுவராதீர்கள். 2007ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக்கொடுத்தது நிரூபணமானால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கலாம். பத்திரத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். நிலத்தைத் தொடாமல் மாதப் பராமரிப்புத் தொகை மட்டும் கேட்கவும் வழியுண்டு. மகனைக் காவல் நிலையத்தில் நிறுத்தாமலும் இது நடக்கும் என்று அறிந்தால் பல தாய்மார் மனம் மாறுகிறார்கள். மாறாவிட்டால், வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

கேள்வி: அறுவடை முடிந்து ஒரு குடும்பம் அரை மூட்டை அரிசி கொண்டுவந்து வைத்தது. வாங்கலாமா?

பதில்: மோர் கொடுத்தால் குடியுங்கள். அரிசியைத் திருப்பிக் கொடுங்கள். அதை உங்கள் பதிவேட்டிலும் எழுதுங்கள்.

கேள்வி (ஆற்றுப்படுத்துநர், மயிலாடுதுறை): நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பியிருக்கிறது. என்னிடம் சொன்னது ரகசியம் என்று மறுக்கலாமா?

பதில்: இயலாது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு உள்ள பாதுகாப்பு நமக்கு இல்லை. வழக்குக்குத் தொடர்பில்லாத குடும்ப விவரங்களை வெளியிடாமல் இருக்க அனுமதி கேட்கலாம். அனுமதிப்பது நீதிபதியின் கையில் இருக்கிறது. ஆகவே பதிவேட்டை இன்றிலிருந்தே கவனமாக எழுதுங்கள்: நீங்கள் கண்டது, அவர் சொன்னது, நீங்கள் கருதியது ஆகிய மூன்றும் தனித்தனியாக, நடந்த அன்றே, தேதியிட்டு இருக்க வேண்டும். பின்னர் திருத்த நேர்ந்தால் பழைய வரியை அழிக்காமல், கீழே புதிய தேதியுடன் சேர்த்துக் கையொப்பமிடுங்கள்.