சம்பளக் கோடும் டேப்லோ குழுவும்

அன்புள்ள சேர்,

ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். வகுப்பில் 23 பேர்; கணினி அறையில் வேலை செய்பவை எட்டு. தரவுகளைப் படமாக்க டேப்லோவைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். அதன் பயனர் குழுவில் ஆசிரியராகச் சேரலாம் என்கிறார்கள். பணம் கட்ட வேண்டுமா? என் ஆங்கிலம் போதுமா? நன்றாகத் தேறிய பிறகு சேர்வதுதான் முறையா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தேறும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் அலுவலகங்களில் தரவு பார்ப்பவர்கள். அவர்களுக்கு மென்பொருள் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் முதன்முதலாக அதைத் தொடும் 23 பிள்ளைகள் எந்த இடத்தில் இடறுவார்கள் என்று சொல்ல ஓர் ஆசிரியரால்தான் முடியும். நீங்கள் கொண்டுபோக வேண்டியது அதைத்தான்.

பணத்தைப் பற்றி: குழுவில் சேரக் கட்டணமில்லை. படங்களை இணையத்தில் எல்லோருக்கும் காட்டும் 'டேப்லோ பப்ளிக்' என்ற பதிப்பு இலவசம். கல்வி நிறுவனங்களில் கற்பிப்போருக்கு முழு மென்பொருளும் ஒரு வருட உரிமத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது, வருடாவருடம் புதுப்பிக்கலாம். அதற்கு விண்ணப்பிப்பதானால் உங்கள் பெயர், பாடசாலைப் பெயர், திகதி மூன்றும் உள்ள கடிதத்தை அதிபரிடம் ஆங்கிலத்திலேயே வாங்குங்கள். கணக்கில் கொடுக்கும் பெயரும் கடிதத்திலுள்ள பெயரும் ஓரெழுத்துக்கூட மாறாமல் இருக்கட்டும். வகுப்புக்கு பப்ளிக் போதும். விண்டோஸ், மேக் இரண்டில்தான் நிறுவலாம்; லினக்ஸ் கணினியென்றால் உலாவியில் திறந்துதான் வேலை செய்ய வேண்டும். நிறுவும் கோப்பு பெரியது. ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் எட்டுக் கணினிக்கும் கொண்டுபோங்கள். புதிய பதிப்பையே எடுங்கள். பழையவற்றில் இணையத்தில் மட்டுமே சேமிக்க முடிந்தது. பாடம் முடிகிற நேரம் இணைப்பு விழுந்தால் வேலை முழுவதும் போய்விடும்.

முதல் பாடத்துக்கு மூன்று வரித் தரவு போதும். தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம்: 2019 ஜனவரியில் அடிப்படை 700 ரூபா, 2021 மார்ச்சில் 1000, 2024 செப்டெம்பரில் 1350. (அந்த 1000 என்பது 900உம் கொடுப்பனவு 100உம் சேர்ந்தது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று படத்தின் அடியிலேயே எழுத வைக்க வேண்டும்.) இந்த மூன்று வரிக்குள் எத்தனை பள்ளம் இருக்கிறதென்று பாருங்கள்.

ஆண்டை வெறும் எண்ணாக அடித்தால் மென்பொருள் அதைக் கூட்டி 6064 என்று காட்டக்கூடும். திகதியாக அடிக்க வேண்டும், அதுவும் 2021-03-01 என்ற ஒழுங்கில். 01/03/2021 என்றால் அமெரிக்க அமைப்பிலுள்ள கணினி அதை ஜனவரி 3 என்று படித்துவிடும். அடுத்தது, திகதியை இழுத்துப் போட்டவுடன் அது ஆண்டுகளாக, நீல நிறத்தில் உட்காரும். நீலமென்றால் தனித்தனிப் பெட்டிகள். 2019க்கும் 2021க்கும் உள்ள இடைவெளியும், 2021க்கும் 2024க்கும் உள்ள இடைவெளியும் ஒரே அளவாகத் தெரியும். வலது சொடுக்கித் தொடர் திகதியாக மாற்றினால் பச்சையாகும், காலம் அதன் உண்மையான நீளத்துக்கு வரும்.

இதன் பிறகும் படம் பொய்தான் சொல்கிறது. புள்ளிகளைச் சாய்கோடு இணைப்பதால் 2022இல் சம்பளம் 1100 ரூபாவைத் தாண்டியதுபோல் தெரியும். அப்படி யாரும் வாங்கவில்லை. மறு உயர்வுவரை அதே 1000தான். மார்க்ஸ் அட்டையில் வகையை 'லைன்' ஆக்கினால் 'பாத்' என்ற பொத்தான் வரும். அதில் 'ஸ்டெப்' வகையைத் தேர்ந்தால் கோடு படிக்கட்டாகும். கடைசிப் படி செங்குத்தாக ஏறி அப்படியே நின்றுவிடும் என்பதால், 2024-12-01, 1350 என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும். பிள்ளைகள் அநேகமாகத் திகைப்பது இங்கேதான்.

பிறகு அச்சில் 'இன்க்ளூட் ஸீரோ' குறியை எடுத்துவிட்டுக் காட்டுங்கள். சம்பளம் மலையேறியதுபோல் இருக்கும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், கோடு தட்டையாகக் கிடக்கும் இடத்தில் அதைக் குறியுங்கள். பணவீக்கத்தை முழுத் தொடராகவே போடுவதென்றால் இரண்டாம் அச்சு வைக்காமல், கீழே இன்னொரு படமாக, ஒரே கால அச்சில் போடுங்கள். இரண்டு அச்சு வைத்தால் அளவை நகர்த்தி எதையும் நிரூபிக்கலாம்.

பிழையான படம், சரியான படம், வகுப்பில் கேட்ட இரண்டு கேள்வி, எத்தனை பேர் எங்கே நின்றார்கள் என்ற குறிப்பு: இந்தப் பொதியோடு குழுவுக்குப் போங்கள். மேக்கோவர் மண்டே என்ற பயிற்சியும் ஏற்கெனவே உள்ள ஒரு படத்தைத் திருத்தி வரைவதுதான். உங்கள் வேலைக்கு அதுவே நெருக்கம்.

ஆங்கிலம் பெரிய தடையில்லை. என்ன வேண்டும், என்ன வருகிறது, என்ன செய்து பார்த்தேன் என்று மூன்று சிறு வசனம் எழுதிக் கோப்பை இணைத்தால் போதும். கோப்பு டி.டபிள்யூ.பி.எக்ஸ் வகையாக இருக்கட்டும். எக்ஸ் இல்லாத வகையில் தரவு உள்ளே போகாது, திறப்பவருக்குப் பிழைச் செய்திதான் கிடைக்கும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள தரவை எக்செலில் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்றே சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வியில் எல்லாம் கேள்விக்குறியாகும். நம் பக்கத்து அலுவலகக் கோப்புகள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். வரைபடம் போடுவதென்றால் எல்லைக் கோப்பின் வயதைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் இப்போது பத்து. பழைய எல்லைக் கோப்பில் நோர்வூட் தனிப் பிரிவாக இல்லை, உங்கள் தரவில் அதற்குரிய வரி சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மாணவர் புள்ளிகளை ஏற்றாதீர்கள். பெயரை நீக்கிவிட்டேன் என்பது போதாது. 23 பேரைத் தோட்டம், ஆண்-பெண் என்று பிரித்தால் ஒரு கட்டத்தில் ஒரே பிள்ளை நிற்கும், ஊருக்கே தெரியும் அது யார் என்று. பப்ளிக்கில் சுயவிவரப் பக்கத்திலிருந்து மறைத்தாலும் இணைப்பு வைத்திருப்பவர் பார்க்கலாம்; பதிவிறக்க அனுமதியை அணைக்காவிட்டால் அடியிலுள்ள தரவையும் எடுக்கலாம்.

கூட்டங்கள் இணையவழியிலும் நடக்கின்றன. இந்திய நகரக் குழுக்களென்றால் நேரம் நமக்கும் அதேதான். நியூயோர்க் பகல் 12 என்றால் இங்கே கோடையில் இரவு 9.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 10.30.