பெட்டியில் வைத்த ஷூவின் அடி உதிர்வது ஏன்?

கேள்வி: திருமணத்துக்காக ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கறுப்புத் தோல் ஷூவை நான்கைந்து முறைதான் அணிந்தேன். பிறகு பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். மூன்று ஆண்டு கழித்து அலுவலக விழாவுக்கு அணிந்து சென்றபோது, ரயில் நிலையப் படிக்கட்டிலேயே அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. போலித் தோலைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? சோல் மாற்றலாமா, புதிதாக வாங்க வேண்டுமா? (வாசகர், செம்பூர், மும்பை)

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உதிர்ந்தது தோல் அல்ல. பாலியூரித்தேன் என்னும் நுரைப் பொருளில் வார்த்த சோல். எடை குறைவாகவும் காலுக்கு மெத்தென்றும் இருப்பதால் இதைப் பல ஷூக்களில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும். வெப்பமும் சேர்ந்தால் அது இன்னும் விரைவாக நடக்கும். நான்கு மாத மழையும் ஆண்டு முழுவதும் கடற்காற்றும் உள்ள மும்பையில், அணியாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இது நிற்பதில்லை.

மேல்பகுதி உண்மையான தோலா என்பதை நீங்களே பார்க்கலாம். ஷூவின் நாக்குப் பகுதியில் வெட்டிய ஓரத்தைக் கவனியுங்கள்: தோலானால் நார் நாராகத் தெரியும், செயற்கையானால் துணியின் மேல் படிந்த மெல்லிய பூச்சு தெரியும். தோலாக இருந்து, வெடிப்பும் இல்லையென்றால் சோல் மாற்றுவதே என் பரிந்துரை. உதிர்ந்த சோலின் மீதே பசை தடவி ஒட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். ஒரு வாரம்கூட நிற்காது. பழைய சோலை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் சோலை ஒட்டி, சுற்றிலும் தையல் போடச் சொல்லுங்கள். உங்களுக்கு அருகிலுள்ள தக்கர் பாப்பா காலனி காலணிப் பட்டறைகளுக்குப் பெயர் பெற்ற இடம், அங்கே விசாரியுங்கள். கூலி, புது ஷூ விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மட்டும் யோசிக்கலாம்.

இனி வாங்கும்போது, மேல்தோலின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். கடைகளில் பெரும்பாலானவை பசையால் ஒட்டியவை. 'குட்இயர் வெல்ட்' என்பதில் மேல்தோலைச் சுற்றி ஒரு பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைத்திருப்பார்கள். ஆகவே மேல்தோலைத் தொடாமலேயே சோலைப் பலமுறை மாற்றலாம். 'பிளேக்' தையலில் உள்ளடியிலிருந்து நேராகச் சோல் வரை ஒரே தையல் செல்லும். அதன் வழியே மழைநீர் ஏறக்கூடும். சில ஷூக்களில் தையல்போலத் தெரிவது வெறும் அச்சு வார்ப்பு. நகத்தால் நெருடினால் நூலா இல்லையா என்று தெரிந்துவிடும். தோல் சோல் அழகுதான், ஆனால் ஈரமான ரயில் நிலையத் தரையில் வழுக்கும் என்பதால் இந்நகருக்கு ரப்பர் சோலே பொருத்தம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அலுவலகக் காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்குங்கள்.

நனைந்த ஷூவைத் துடைத்து, செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் இறுகி வெடிக்கும். ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் அணியாமல் ஒருநாள் இடைவெளி விடுங்கள், ஏனெனில் உள்ளே ஊறிய வியர்வை உலர அவ்வளவு நேரம் வேண்டும். நீர்ம பாலிஷ் உடனடி மினுக்குத் தரும். தோலுக்கு எண்ணெய்ப் பசை தருவது கிரீம் பாலிஷ்தான். பிளாஸ்டிக் பையில் மட்டும் வைக்கவே வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: வாங்கிப் பதினெட்டு நாளில் சோல் பிரிந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் மறுக்கிறார். (வாசகி, மாட்டுங்கா, மும்பை)

பதில்: அந்த வரி, குறைபாடுள்ள பொருளுக்குக் கவசமாகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. எனவே நாளைக் கடத்தாதீர்கள். பிரிந்த இடத்தைப் படமெடுத்து, ரசீதின் நகலுடன் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன்பின் நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குள் அந்தச் சோலை வெளியே கொடுத்து ஒட்டிவிடாதீர்கள். பிரிந்த நிலையிலுள்ள ஷூதான் உங்கள் சாட்சி.