எண்ணெய் டப்பாவைப் படிக்கிற வேலை

வணக்கம் அம்மா. “மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்க வைத்தது கிரீஸ் அடிக்கவா?” என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். மகளுக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் லூப்ரிகேஷன் டெக்னீஷியன், அதாவது மெஷின்களுக்கு எண்ணெயும் கிரீஸும் போட்டுப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. சேருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் தையல் கடை நடத்துகிறீர்கள். மெஷினுக்கு ஸ்கூட்டர் ஆயிலை விடுவீர்களா? துணி கறையாகிவிடும். அதனால்தான் நிறமும் வாசனையும் இல்லாத வெள்ளை எண்ணெய் வாங்குகிறீர்கள். ஃபேக்டரியிலும் அதே கவலைதான், துணிக்குப் பதில் மாவு. கன்வேயர் செயினிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் அது யாரோ ஒரு குழந்தையின் வாய்க்குப் போகும்.

அதற்காகவே எண்ணெய்களுக்கு வகைக் குறியீடு உண்டு. அமெரிக்க வேளாண் துறை உண்டாக்கியது. அந்தத் துறை எண்ணெய்களைப் பார்த்து அங்கீகரிக்கிற வேலையை 1998-ல் நிறுத்தியதும், 1999 முதல் என்எஸ்எஃப் என்ற அமைப்பு பதிவு செய்துவருகிறது. எச்1 என்றால் தவறிப்போய் உணவில் பட்டாலும் பாதகமில்லாதது. எச்2 என்றால் உணவு பக்கத்திலேயே வராத இடத்துக்கு மட்டும். எச்3 கொக்கி, டிராலி துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது. 3எச் என்பது பிஸ்கட் சுடும் தட்டில் ஒட்டாமல் இருக்கத் தடவுவது. நாம் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பது போலத்தான். எச்3-யும் 3எச்-சும் ஒன்றல்ல. இன்டர்வியூவில் பலர் வழுக்கி விழுகிற இடம் இது.

எச்1 என்றால் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. உணவில் தவறிப் படுகிற மினரல் ஆயிலுக்கு அமெரிக்க விதி வைத்திருக்கும் வரம்பு 10 பிபிஎம். ஒரு டன் பிஸ்கட்டில் 10 கிராம், அவ்வளவுதான். டப்பாவில் ‘ஃபுட் கிரேடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் உங்கள் மகள் அதை நம்பக்கூடாது. என்எஸ்எஃப் பதிவு எண்ணும் வகையும் இருக்கிறதா என்று பார்த்து, அவர்களுடைய ஆன்லைன் பட்டியலில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 21469 சான்றும் இருந்தால் இன்னும் நல்லது. எச்1 பதிவு சேர்மானத்தையும் லேபிளையும் பார்க்கிறது. இந்தச் சான்று, எண்ணெய் தயாரிக்கும் இடத்தின் சுத்தத்தையும் பார்க்கிறது.

அடுத்தது எண்கள். கடைத்தெருவில் ‘90 ஆயில்’ என்பார்கள், கியர்பாக்ஸ் தகட்டில் ‘விஜி 220’ என்றிருக்கும். 220 பெரிய எண், அதனால் ரொம்பக் கெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு அளவுகோல். கெட்டித்தன்மையில் இரண்டும் கிட்டத்தட்ட அக்கம்பக்கம்தான். 220 என்பது 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெய் எவ்வளவு கெட்டி என்ற அளவு, 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். கிரீஸுக்கு இன்னொரு அளவு, என்எல்ஜிஐ. 2-ஆம் நம்பரை விட 3-ஆம் நம்பர் இறுக்கம். அதற்காக உசத்தி என்று அர்த்தமில்லை.

கிரீஸ் கன்னில்தான் உண்மையான சோதனை. லித்தியம் கிரீஸ் இருந்த பேரிங்கில் பாலியூரியா கிரீஸை ஏற்றினால், பல நேரம் இரண்டும் சேராமல் இளகிக் கசிந்துவிடும். எச்2 அடித்த கன்னிலேயே எச்1-ஐ நிரப்பினால், உள்ளே போவது எச்1 அல்ல. அதனால் ஒவ்வொரு வகைக்கும் தனி கன், கிரீஸ் ஏற்றுகிற வாயான நிப்பிளுக்குத் தனி நிற மூடி. ‘கையில் கிடைத்ததை அடி’ என்கிற சீனியர் எல்லா ஷிஃப்டிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் முடியாது என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்குத்தான் இது சரிப்படும். உங்களிடமே இரண்டு பக்கம் வாதாடியிருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அப்போ கவலையில்லை!

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எந்த எண்ணெய் என்ற சார்ட் இருக்கிறதா? எச்1-க்குத் தனி ஸ்டோர் ரூம் உண்டா? ஐஎஸ்ஓ 22000 மாதிரி உணவுப் பாதுகாப்பு ஆடிட் வரும்போது லூப்ரிகேஷன் பதிவேட்டை யார் காட்டுவார்கள்? மூன்றாவதற்கு ‘நீங்கள்தான்’ என்று பதில் வந்தால் நல்ல இடம். மூன்றுக்கும் விழித்தால், அங்கே நிஜமாகவே கிரீஸ் அடிக்கிற வேலைதான். நைட் ஷிஃப்டுக்கு வண்டி உண்டா என்பதை நீங்களே போனில் கேட்டுவிடுங்கள்.

மேற்படிப்பு பற்றி இப்போது அவசரம் வேண்டாம். லூப்ரிகேஷன் வேலைக்கென்றே சான்று தரும் அமைப்புகள் உண்டு. ஐசிஎம்எல் நடத்தும் எம்எல்டி தேர்வு, எஸ்டிஎல்இ-யின் சிஎல்எஸ் சான்று இரண்டுக்குமே வேலை அனுபவம் கேட்பார்கள். சில வருடம் போகட்டும். இந்த வாரம் அந்த மூன்று கேள்விக்கும் என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.