ஆறா, பன்னிரண்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவை கணபதியில் ஒரு சின்ன சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் லேத்) பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் சீனியர் டர்னருக்கு 57 வயது, கை லேத்தில் முப்பது வருஷம் நின்றவர். மெஷின் ஓட்டும் பையனுக்கு 23, டிப்ளமோ. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 30 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் (உருளைத் தண்டு), ஹெச்7 (சின்ன h; அளவு எவ்வளவு தள்ளலாம் என்ற வரம்பு). புது இன்ஸர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றியதும் முதல் பீஸ் 30.11 வந்தது. அண்ணன் "ஆறு பாயிண்ட் எடு" என்றார் (எங்களிடம் பாயிண்ட் என்றால் 0.01). பையன் போட்டான், 30.05-இல் நின்றது. ஒரே சண்டை. அடுத்த வாரம் அதே ஜாப், அதே 30.11. இம்முறை "பன்னிரண்டு" என்றார். 14 பீஸ் 29.87-இல் ஸ்கிராப். "சொன்னதைக் கேட்க மாட்டான்" என்கிறார் அவர். "அவர் சொல்வதே புரியவில்லை" என்கிறான் இவன். ஆலோசகர் ஒருவர் வந்து மில்லினியல், ஜென் ஸீ என்று வகுப்பெடுத்தார், பயனில்லை. பையன்கள் அண்ணனை "ப்ரோ" என்கிறார்கள், செல்போனை விடுவதில்லை. அவரோ ஸ்கிரீன் பக்கமே வருவதில்லை. தலைமுறை இடைவெளியை எப்படிக் குறைப்பது? இருவரையும் வேறு வேறு ஷிஃப்டில் போட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பட்டறைகளில் வாயால் சொல்லப்படும் எண்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

30.11-இலிருந்து 29.87-ஐக் கழித்துப் பாருங்கள். 24 பாயிண்ட். அண்ணன் சொன்னது பன்னிரண்டு. அது எப்படி இரட்டிப்பானது என்று 14 பீஸ் போன பிறகாவது யாராவது கேட்டீர்களா? ஆலோசகருக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு மைக்ரோமீட்டர் வாங்கியிருக்கலாம்.

அண்ணன் பழகிய கை லேத்தில் கிராஸ் ஸ்லைடின் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதியின்) டயலை ஆறு பாயிண்ட் திருகினால் டூல் ஆறு பாயிண்ட் உள்ளே போகும். ஜாப் சுற்றுகிறது, இரண்டு பக்கமும் தேயும், டயா (விட்டம்) பன்னிரண்டு குறையும். முப்பது வருஷம் கைவிரல் பழகிய கணக்கு அது. அவர் "ஆறு எடு" என்றபோது மனதில் இருந்தது 29.99. ஹெச்7-க்கு 30.000 முதல் 29.979 வரை இடம் உண்டு. நடுவில் குறி வைத்திருக்கிறார். அழகான வேலை. சி.என்.சி. லேத்தில் வேர் ஆஃப்செட்டின் (டூல் தேய்மானத்துக்காகக் கூட்டிக் குறைக்கும் எண்ணின்) எக்ஸ், அதாவது குறுக்கு அளவு, வழக்கமாக டயா கணக்கு. அங்கே மைனஸ் 0.06 போட்டால் டயாவில் ஆறுதான் குறையும். பையன் சொன்னதை அப்படியே போட்டான். 30.05. இரண்டு பேரும் சரி.

இரண்டாவது வாரம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. சண்டைக்குப் பிறகு பெரியவர் யோசித்திருக்கிறார்: இந்த மெஷினுக்கு டயாவாகச் சொல்ல வேண்டும் போல. அதனால் "பன்னிரண்டு" என்றார். பையனும் யோசித்திருக்கிறான்: அண்ணன் சொல்வதை இரட்டித்துப் போட வேண்டும் போல. அதனால் 24 அடித்தான். எண்களைப் பார்த்தால் வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. பிடிவாதத்தில் வந்தது முதல் வாரத்துச் சண்டை மட்டும்தான், அந்த 30.05-ஐ இன்னொரு கட்டு (ஒரு முறை சீவுவது) ஓட்டிச் சரிசெய்துவிடலாம். அந்த 14 ஷாஃப்டும் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் போனவை. இதற்குத் தலைமுறை என்று பெயர் வைத்துவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போய்விட்டீர்கள்.

மன்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928-லேயே எழுதிவிட்டார், ஒரே வருஷங்களில் பிறந்ததால் மட்டும் ஒரு கூட்டம் தலைமுறை ஆகிவிடாது, ஒரே அனுபவம் வேண்டும் என்று. உங்கள் பட்டறையில் அந்த அனுபவம் ஒருவருக்கு டயல், இன்னொருவருக்கு ஸ்கிரீன். சரி, அதை விடுங்கள்.

இனிமேல் யாரும் "இவ்வளவு எடு", "இவ்வளவு போ" என்று சொல்லக் கூடாது. அளவைச் சொல்ல வேண்டும், அசைவைச் சொல்லக் கூடாது. "இருக்கிறது 30.11, வேண்டியது 29.99." அவ்வளவுதான். கழித்தலை பட்டனில் விரல் வைத்திருப்பவன் செய்யட்டும், போடுவதற்கு முன் "மைனஸ் 0.12 டயாவில்" என்று திருப்பிச் சொல்லட்டும். மெஷின் கதவில் ஒரு அட்டை ஒட்டுங்கள்: அளந்தது, வேண்டியது, டயா வித்தியாசம், யார் போட்டது. ஷிஃப்ட் மாறும்போது அட்டையும் கைமாறட்டும். கை லேத்துகளையும் சும்மா விடாதீர்கள். சிலவற்றில் டயலே டயா கணக்கில் கோடு போட்டு வரும். ஜாபை ஒரு கட்டு ஓட்டி அளந்து, டயலைப் பத்துக் கோடு முன்னால் திருகி, இன்னொரு கட்டு ஓட்டி அளந்தால் தெரிந்துவிடும். தெரிந்ததைப் பெயிண்டில் லேத் மேலேயே எழுதிவையுங்கள்.

புது இன்ஸர்ட் மாற்றினால் முனை அதே இடத்தில் வந்து உட்காராது. இன்ஸர்ட்டுக்கு இன்ஸர்ட் சில பாயிண்ட் மாறும், அடியில் ஒரு இரும்புத் துகள் சிக்கினால் இன்னும் மாறும். அதனால் மாற்றியதும் வேர் ஆஃப்செட்டில் 0.20 கூட்டிவைத்து முதல் பீஸை ஓட்டுங்கள். பெரிதாகத்தான் வரும். பெரிதானதை இன்னொரு கட்டு ஓட்டலாம், குறைந்ததை ஒட்ட முடியாது. அளந்து குறையுங்கள், திரும்ப ஓட்டுங்கள், திரும்ப அளங்கள். ரொம்ப லேசான கட்டில் டூல் வளைவதும் மாறும், அதனால் ஒன்றிரண்டு பாயிண்ட் தள்ளி நிற்கலாம். ஆஃப்செட் மாற்றிய பிறகு வருகிற பீஸும் முதல் பீஸ்தான். 14 பீஸ் வரை அளக்காமல் ஓடியதற்கு 57-ஐயும் 23-ஐயும் குற்றம் சொல்லாதீர்கள். சூப்பர்வைசர் நீங்கள்.

"ப்ரோ" என்றால் என்ன குடி முழுகிவிட்டது? அவருக்குக் கசந்தால் அவரே சொல்வார். செல்போன், சக் (ஜாபைப் பிடித்துச் சுழற்றும் பிடி) சுற்றும்போது கூடாது, மற்ற நேரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் "ஸ்கிரீன் பக்கமே வருவதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே நில்லுங்கள். 57 வயதில் வெள்ளெழுத்து இல்லாதவர் யார்? ஆஃப்செட் பக்கத்தில் எழுத்தே சின்னது, அதில் தசமப் புள்ளி கடுகைவிடச் சின்னது. புள்ளி இல்லாமல் 12 என்று அடித்தால் கண்ட்ரோலின் அமைப்பைப் பொறுத்து 12 மில்லிமீட்டராகவும் ஆகலாம், 12 மைக்ரானாகவும் ஆகலாம். ஃபேனுக் கம்பெனி மாதிரி கண்ட்ரோலில் "இன்புட்" அழுத்தினால் பழைய எண் போய்ப் புதியது உட்காரும், "பிளஸ் இன்புட்" அழுத்தினால் பழையதோடு கூடும். பக்கத்துப் பக்கத்து பட்டன்கள். தப்பாக அழுத்திவிடுவோமோ என்று 23 வயதுப் பையன் முன்னால் பயந்து நிற்பதைவிட, "அந்த எழவு மெஷின் எனக்கு எதுக்கு" என்று தள்ளி நிற்பது அவருக்குச் சுலபம். அதை அகங்காரம் என்று நினைத்துக்கொண்டீர்கள். அதே மனிதர் மெஷினைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து, டூல் அதிர்கிறது என்று சொல்லிவிடுவார். பையனுக்கு அது லோட் மீட்டரிலும் (மெஷினின் சுமையைக் காட்டுவது) தெரியாது. ஷாஃப்ட் சக்கிலிருந்து டயாவைப் போல மூன்று, நான்கு மடங்குக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் டெயில்ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பிடி) கொடு என்பதை அவன் அவரிடம்தான் கற்க வேண்டும்.

ஷிஃப்ட் மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? வேண்டாம். பவர் வைத்த சேஃப்டி கண்ணாடி கிடைக்கிறது, கிட்டத்தில் படிப்பதற்கு எண் பார்த்து அவருக்கு ஒன்று வாங்கிக்கொடுங்கள். அடுத்த முறை இன்ஸர்ட் மாற்றும்போது அவர் பட்டன் அழுத்தட்டும், பையன் பக்கத்தில் நின்று "இருக்கிறது, வேண்டியது" என்று அளவைச் சொல்லட்டும்.